சர்க்கரைக் கிண்ணத்தில் இரண்டு சீட்டு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போன் செய்தபோது, "நான் பாலத்துக்கு எஸ்டிமேட் போடுகிறவன் சார், எனக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "ஹாஸ்டலில் கதை எழுதினீங்களே!" என்றார். எழுதினேன். ஆனால் நான் மட்டும் எழுதவில்லை. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

இருவர் சேர்ந்து கதை எழுதுவது நமக்குப் புதிதல்ல. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்கள்தான் 'சுபா' என்பது மாத நாவல் படித்த எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்த ஜோடி ரஷ்யாவைச் சேர்ந்தது. இல்ஃப், பெத்ரோவ்.

இருவரும் கருங்கடல் ஓரத்து ஒதெஸ்ஸா நகரில் பிறந்தவர்கள். இல்ஃப் பிறந்தது 1897இல். பெத்ரோவ் சில வயது இளையவர். ஒரே ஊர்க்காரர்களாக இருந்தும் பழக்கமானது மாஸ்கோவில்தான். 'குதோக்' என்ற ரயில்வே தொழிலாளர் பத்திரிகையில் இருவருக்கும் வேலை. தொழிலாளர்கள் அனுப்பும் கடிதங்களைச் சுருக்கி, நையாண்டிக் குறிப்பாக்குவது இல்ஃபின் பணி.

1927இல் பெத்ரோவின் அண்ணன் வலெந்தீன் கதாயெவ் ஒரு கரு கொடுத்தார். அவர் அப்போதே பெயர் பெற்ற எழுத்தாளர். மாமியார் ஒருத்தி நாற்காலிக்குள் வைரங்களை ஒளித்துத் தைத்துவிடுகிறாள். அதுபோல 12 நாற்காலிகள். எதில் வைரம் என்று தெரியாது. "நீங்கள் எழுதுங்கள், நான் கடைசியில் திருத்தித் தருகிறேன்" என்பது அண்ணனின் திட்டம். முதல் பகுதியைப் படித்துவிட்டு, என் கை இதற்குத் தேவையில்லை என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். நாவல் அவருக்குத்தான் சமர்ப்பணம் ஆனது.

ஆபீஸ் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அதே கட்டடத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் எழுதினார்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சண்டை. ஒரே சொல் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றினால் அதைத் தள்ளிவிடுவார்களாம். இருவருக்கும் சட்டென்று வருவது யாருக்கும் வரும் அல்லவா? நம் தொழிலில் ஒருவர் டிராயிங் போட, இன்னொருவர் செக் பண்ணுவார். இவர்கள் கோடு விழுவதற்கு முன்பே செக் பண்ணினார்கள்!

பெரிய சண்டை கதாநாயகன் ஒஸ்தாப் பெந்தரால் வந்தது. முடிவில் அவனைக் கொல்வதா, விடுவதா? பேசித் தீரவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தில் இரண்டு சீட்டுப் போட்டார்கள். ஒன்றில் மண்டையோட்டுப் படம். அந்தச் சீட்டு வந்தது. பெந்தர் கழுத்தறுபட்டுச் செத்தான். வாசகர்களுக்கு அவனைப் பிடித்துப்போகவே, 1931இல் 'தங்கக் கன்று' நாவலில் கழுத்துத் தழும்போடு உயிரோடு வந்தான்.

1928 ஜனவரியில் 'பன்னிரண்டு நாற்காலிகள்' முடிந்த இரவு, பனியில் சறுக்கு வண்டியில் கையெழுத்துப் பிரதியோடு கிளம்பினார்கள். கிளம்பும் முன், "கண்டெடுப்பவர் இந்த முகவரியில் சேர்க்கவும்" என்று ஒரு தாளில் எழுதி வைத்தார் இல்ஃப். இருந்தது அந்த ஒரு பிரதிதான்.

1935இல் இருவரும் அமெரிக்கா போய், காரில் நாட்டின் குறுக்கே சுற்றினார்கள். திரும்பி வந்து எழுதிய பயண நூலில் 47 அத்தியாயங்கள். இல்ஃபுக்குக் காசநோய் முற்றியிருந்ததால் முதல் தடவையாகத் தனித்தனியே எழுதினார்கள். ஆளுக்கு 20, சேர்ந்து 7. எது யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவேன் என்றார் ஒரு விமர்சகர். தோற்றுப்போனார். பத்து வருடச் சண்டையில் இருவர் நடையும் ஒன்றாகிவிட்டிருந்தது.

1937 ஏப்ரலில் இல்ஃப் இறந்தார். நண்பனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதக் குறிப்புகள் எடுத்தார் பெத்ரோவ். அது முடியவில்லை. 1942இல் போர்ச் செய்தி சேகரித்துவிட்டுச் செவஸ்தோபோலிலிருந்து திரும்பும் வழியில் விமான விபத்தில் அவரும் போய்விட்டார்.

இனி நம் ஹாஸ்டல் கதை. மூன்றாம் வருடம். நானும் என் ரூம் மேட்டும் ஒரு லாங் சைஸ் நோட்டில் தொடர்கதை எழுதினோம். ஒரு நாள் நான், மறுநாள் அவன். காலையில் மெஸ்ஸில் பக்கத்து ரூம் பசங்க அதை வாங்கிப் படிப்பார்கள். அதில் ஒரு பகுதியைக் கல்லூரி மலருக்குக் கொடுத்தவன் நான். என் பெயர் மட்டும் போட்டுக் கொடுத்தேன். அச்சில் வந்ததும் அவன் பார்த்தான். "பரவாயில்லைடா" என்றான். அன்று அவன் முறை. நோட்டு என் மேஜையிலேயே கிடந்தது. பிறகு அவன் எழுதவேயில்லை. நானும்தான்.

அந்தப் பகுதியில் எல்லோரும் சிரித்த வசனம் ஒன்று உண்டு. அது அவனுடையதா, என்னுடையதா என்று இன்று யோசித்தால் எனக்கே தெரியவில்லை. தெரியாததில்தான் அந்த எழுத்தின் ருசி இருந்தது. தெரிந்த மாதிரி பெயர் போட்டுக்கொண்டதுதான் என் தப்பு.

இங்கே அவன் பெயரை எழுதவில்லை. இந்த முறை அவனைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். ரீயூனியனுக்கு அவன் வருகிறான் என்று கேள்வி. நோட்டைக் கொண்டு வருகிறேன். 32 பக்கம் பாக்கி இருக்கிறது. உன் முறைதான்டா.