நழுவிய பந்தும் நடுவரின் கண்ணும்



சட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன என்ற பாடத்தை வகுப்பில் மாக்னா கார்ட்டாவில்தான் தொடங்குவேன். இன்று ஒரு பந்திலிருந்து தொடங்குகிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து. (நம்முடைய கால்பந்தை அவர்கள் சாக்கர் என்பார்கள்.) அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மைதானம் 100 கஜம். இரு முனையிலும் கோல் கோடு, அதற்கு அப்பால் 10 கஜத்துக்கு ஒரு கடைசிக் கட்டம். பந்தோடு அந்தக் கோட்டை எட்டிவிட்டால் டச்டவுன், 6 புள்ளிகள். வழியில் பந்து கை நழுவினால் யார் எடுக்கிறாரோ அவர் அணிக்கே சொந்தம். வில்லங்கம் இங்கேதான்.

1978 செப்டம்பர் 10, சான் டியாகோ நகரம். ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணி 14, உள்ளூர் சார்ஜர்ஸ் அணி 20. மீதி 10 விநாடி. ரெய்டர்ஸ் அணிக்குக் கோல் கோடு இன்னும் 14 கஜத்தில். பந்தை வாங்கிய கென் ஸ்டேப்ளர் பின்னால் நகர்ந்தார். வுடி லோ என்ற எதிரணி வீரர் அவரைப் பிடித்துவிட்டார். கீழே விழுந்தால் ஆட்டம் முடிந்தது. விழுகிற நேரத்தில் பந்து அவர் கையிலிருந்து முன்னோக்கி நழுவியது. அது 'நழுவிய' விதம்தான் கதையே! உருண்டு வந்த பந்தை எடுக்கப் போவதுபோல் குனிந்த பீட் பனஸாக், எடுக்காமல் இன்னும் முன்னே தள்ளினார். அடுத்து டேவ் காஸ்பர். அவரும் தட்டி, உதைத்து, கோல் கோட்டைத் தாண்டியதும் அதன்மேல் விழுந்தார். நடுவர்கள் டச்டவுன் என்றார்கள். கூடுதல் புள்ளியும் கிடைத்து 21-20 என்று ரெய்டர்ஸ் வென்றது.

விதியில் ஓட்டை என்று நினைக்காதீர்கள். உதிரிப் பந்தை வேண்டுமென்றே முன்னே தட்டுவது அப்போதே குற்றம்தான். ஆனால் 'வேண்டுமென்றே' என்பதை எப்படிக் காண்பது? தலைமை நடுவர் ஜெரி மார்க்பிரைட்டும் அவர் குழுவும் கண்ணால் கண்டதைக் கொண்டுதான் தீர்ப்புச் சொல்ல முடியும். மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், பிறகு வீரர்களே, வேண்டுமென்றுதான் செய்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள். புள்ளி மாறவில்லை.

அடுத்த ஆண்டு, 1979இல், தேசியக் கால்பந்து லீக் விதியைத் திருத்தியது. எனக்குப் பிடித்த இடம் இது. எண்ணத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள் என்று நடுவர்களுக்கு உத்தரவு போடவில்லை. எண்ணத்தைப் பற்றிய கேள்வியையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களில், நழுவவிட்டவர் தானே எடுத்தால்தான் அவர் அணி முன்னேறலாம். தோழர் முன்னால் போய் எடுத்தால் பந்து நழுவிய இடத்துக்கே திரும்பும். யார் எடுத்தார், எங்கே நழுவியது, இரண்டும் கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள். நல்ல சட்டம் என்று இதைத்தான் சொல்வேன்.

கோல் கோட்டருகே இன்னொரு பழைய விதி உண்டு. தாக்கும் அணி நழுவவிட்ட பந்து கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் பக்கவாட்டில் வெளியேறினால் அவர்களுக்கே திரும்பக் கிடைக்கும். கடைசிக் கட்டத்துக்குள் உருண்டு வெளியேறினால் எதிரணிக்கு! 1993 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் டல்லாஸ் வீரர் லியோன் லெட் வெற்றிக் களிப்பில் பந்தை நீட்டிக்கொண்டே ஓட, பின்னால் விரட்டி வந்த பஃபலோவின் டான் பீபி கோட்டருகே அதைத் தட்டிவிட்டார். பந்து பஃபலோவுக்குப் போனது. டல்லாஸ் 52-17 என்று வென்றதால் லெட் தப்பினார். கடுமையான விதி என்று பலர் குறைசொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அந்த விதியும் பழைய 'வேண்டுமென்றே'யும் 2015 அக்டோபர் 5 இரவு சியாட்டிலில் ஒன்றாகச் சந்தித்தன. சியாட்டில் 13, டெட்ராய்ட் 10. இரண்டு நிமிடம்கூட இல்லை. டெட்ராய்ட்டின் கால்வின் ஜான்சன் கோட்டை எட்டப்போகும் தறுவாயில் கேம் சான்ஸலர் பந்தைத் தட்டிவிட்டார். கடைசிக் கட்டத்தில் துள்ளிய பந்தைச் சியாட்டிலின் கே.ஜே. ரைட் கையால் தள்ளி வெளியே அனுப்பினார். அங்கே உதிரிப் பந்தை எந்தத் திசையில் வேண்டுமென்றே தட்டினாலும் தவறு. அருகில் நின்ற நடுவருக்கு அது வேண்டுமென்று செய்ததாகப் படவில்லை. பந்து சியாட்டிலுக்கு.

நடுவர்களை மேற்பார்த்த டீன் பிளாண்டினோ, தவறு என்று அறிவித்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அறிவித்திருந்தால் கோட்டுக்கு ஒரு கஜத்துக்கும் குறைவான தூரத்தில் டெட்ராய்ட்டுக்குப் பந்து கிடைத்திருக்கும். காணொளியில் பார்த்துத் திருத்தவும் அன்றைய விதியில் வழியில்லை. அது நடுவரின் கணிப்புக்கு விட்ட விஷயம். ரைட்டோ, பிடிக்கப் போய் நழுவிவிடக் கூடாதே என்றுதான் தட்டினேன் என்று ஆட்டம் முடிந்ததும் மறைக்காமல் சொன்னார். கணக்கில் இன்றும் 13-10தான்.