விந்தணுவும் அமில-காரத் தன்மையும்: கருத்தடையிலிருந்து கருவளச் சோதனை வரை

1931-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் விருதுநகரில் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு நடைபெற்றது. அப்போது சென்னை மாகாணத்தில் கருத்தடை என்பது பொதுமேடைகளிலும் ஏடுகளிலும் வெளிப்படையாகப் பேசப்படும் பொருளாகியிருந்தது. 1920-களின் இறுதியில் சென்னையில் நவ மால்தூசியச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. ‘குடி அரசு’ இதழில் பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் பெண்களின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்து சிதறாமல் இருக்கவும் அதை ஆதரித்தபோது, பெண்களின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்பது அவர் வாதம். கொள்கை தெளிவாக இருந்தது. கருவியோ மிகப் பலவீனமாக இருந்தது.

அக்காலக் கருத்தடை நூல்கள் பரிந்துரைத்த மலிவான வழிகளில் பல அமிலத்தை நம்பியவை. வினிகர் கலந்த நீரால் கழுவுதல், எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சு, போரிக் அமிலம் சேர்ந்த மாத்திரை ஆகியவை அவற்றுள் சில. இவற்றின் வேர் 1832-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் வெளியிட்ட ‘மெய்யியலின் கனிகள்’ என்ற சிறு நூலில் உள்ளது. உறவுக்குப் பின் படிகாரம், துத்தநாக சல்பேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற உப்புகளின் கரைசலைப் பீச்சிக் கழுவலாம் என்றார் அவர். 1877-இல் இந்நூலை இலண்டனில் மறுபதிப்புச் செய்ததற்காகச் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் வழக்கைச் சந்தித்தனர். பெசன்ட் அதே ஆண்டில் ‘மக்கள்தொகை விதி’ என்ற தம் சொந்த நூலை எழுதினார். பிரம்மஞானத்தைத் தழுவிய பின் 1891-இல் அதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். சென்னைச் சங்கம் தோன்றிய காலத்தில் அவர் அடையாற்றில்தான் வாழ்ந்தார்.

நோல்டனின் பட்டியலில் ஒரு முரண் உண்டு. படிகாரக் கரைசல் அமிலத் தன்மை உடையது. பொட்டாசியம் கார்பனேட்டோ காரம். இரண்டும் விந்தணுவுக்கு ஒன்றே என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். 1856-இல் ஜெர்மனியில் பணியாற்றிய ஆல்பர்ட் கோலிக்கர் இதைச் சோதித்து, நகர்வை இழந்த விந்தணுக்களுக்கு மிதமான காரம் மீண்டும் உயிரோட்டம் தருகிறது என்றும், அமிலம் அவற்றை நிறுத்துகிறது என்றும் கண்டார். அதாவது, கருவைத் தடுக்கச் சொன்ன மருந்துகளில் ஒன்று, உரிய செறிவில், விந்தணுவுக்கு உதவக்கூடியதாக இருந்தது.

இந்த வேறுபாட்டை எண்ணால் குறிக்க 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரென்சன் பி.எச். அளவுகோலை வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு வேறுபாடு. ஆரோக்கியமான பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் வாழும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களால் அங்கு பி.எச். 3.8 முதல் 4.5 வரை இருக்கிறது. விந்து நீர்மத்தில் அது பொதுவாக 7.2-க்கு மேல். பி.எச். 4-க்கும் 7.5-க்கும் இடையே ஹைட்ரஜன் அயனிச் செறிவில் ஏறத்தாழ 3,000 மடங்கு வேறுபாடு உண்டு.

பெண்ணுடலே இவ்வளவு அமிலமாக இருந்தும் கருத்தரிப்பு எப்படி நிகழ்கிறது? விந்து நீர்மம் ஒரு தாங்கல் கரைசல். தான் சேரும் இடத்தின் அமிலத்தை அது விழுங்கிவிடுகிறது. 1973-இல் வெளியான ஓர் அளவீட்டில், விந்து வெளிப்பட்ட 8 நொடிகளுக்குள் பி.எச். 4.3-இலிருந்து 7.2-ஆக உயர்ந்தது பதிவாயிற்று. சில நிமிடங்களில் விந்தணுக்கள் கருப்பைக் கழுத்துச் சளிக்குள் நுழையத் தொடங்கிவிடும். பின்னர் எழுந்து சென்று கழுவுவதால் பயன் சிறிது. அமிலத்தின் செறிவைக் கூட்டினால் பெண்ணின் மென்சவ்வுதான் புண்ணாகும். எலுமிச்சைப் பஞ்சை நம்பிய பெண்கள் மீண்டும் கருவுற்றதற்கு அவர்களுடைய கவனக்குறைவைக் காரணம் சொல்வது நியாயமல்ல.

பின்னர் அரசின் வழி வேறாயிற்று. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்த 1956-இல், அறுவை முறைக் கருத்தடை செய்துகொள்ளும் ஏழைகளுக்குச் சென்னை மாநில அரசு சிறு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. விந்தணுவைக் கொல்வதைவிட அதன் பாதையை மூடுவது உறுதியானது.

அமிலம் விந்தணுவை ஏன் நிறுத்துகிறது என்பது இந்த நூற்றாண்டில்தான் துலங்கியது. ஆணின் எபிடிடைமிஸ் குழலில் சேமிக்கப்படும் விந்தணுக்கள் சற்றே அமிலச் சூழலில் அசையாமல் கிடக்கின்றன. வெளிவந்ததும் அணுவின் உட்புறம் காரமாகிறது. 2001-இல் கண்டறியப்பட்ட ‘கேட்ஸ்பெர்’ என்னும் கால்சியம் வாயில் இந்தக் காரத்தால் திறந்து, வால் வேகமாகச் சுழல்கிறது. மனித விந்தணுவிலிருந்து அமில அயனிகளை வெளியேற்றும் மற்றொரு வாயில் 2010-இல் அடையாளம் காணப்பட்டது.

இந்த அறிவு குழந்தையின்மைச் சிகிச்சைக்கும் உதவுகிறது. விந்துப் பைகளின் சுரப்பு காரமானது, புரோஸ்டேட் சுரப்பு அமிலமானது. ஆகவே விந்தின் அளவு குறைந்து, விந்தணுவும் இல்லாமல், பி.எச். 7.2-க்குக் கீழே இருந்தால் விந்து வெளியேறும் குழாயில் அடைப்போ பிறவிக் குறையோ இருக்கலாம் என மருத்துவர் ஐயுறுவார். பெண்ணை மட்டும் ‘மலடி’ என ஏசி வந்த சமூகத்தில், ஒரு சோதனைத் தாள் ஆணின் பக்கமும் பார்க்கச் சொல்கிறது.

இதே வேதியியல் ஒரு மூடநம்பிக்கையையும் வளர்த்தது. சமையல் சோடாக் கரைசலால் கழுவினால் ஆண் குழந்தை பிறக்கும் என 1930-களில் ஜெர்மானிய மருத்துவர் உண்டர்பெர்கர் கூறினார். இது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் ஆண் வாரிசு மோகம் உள்ள நாடுகளில் இக்கருத்து எளிதில் விலை போனது. கருவுறும் முன்பே பாலினத்தைத் தேர்வு செய்ய முயல்வதும் இந்தியாவில் 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி குற்றம்.

அமிலக் கருத்தடை அத்துடன் மறைந்துவிடவில்லை. லாக்டிக் அமிலம், சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் பைடார்ட்ரேட் கலந்த ஒரு களிம்புக்கு 2020 மே மாதம் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. உறவுக்கு முன்பே இட வேண்டிய அக்களிம்பு, விந்தின் தாங்கும் திறனை மீறி அமிலத்தைத் தக்கவைக்குமாறு அமைக்கப்பட்டது. சோதனையில் அதன் வெற்றி ஏறத்தாழ 86 விழுக்காடு.