பிழை வானத்திலா, கருவியிலா? கிழக்கேகோட்டையிலிருந்து ஊட்டி வரை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மதீர்த்தக் குளத்தை நோக்கிய கருவேலப்புர மாளிகையின் முகப்பில் மேத்தன் மணி என்னும் கடிகாரம் உள்ளது. மணிதோறும் தாடி வைத்த முகம் ஒன்று வாய் திறக்க, இருபுறமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களை முட்டும். இதனை அமைத்ததில் ஜான் கால்டிகாட்டுக்குப் பங்குண்டு என்பது நகரில் வழங்கும் செய்தி. சுவாதித் திருநாள் 1837இல் நிறுவிய வானாய்வகத்தின் முதல் இயக்குநர் அவர். வீதிக் கடிகாரமாயினும் வானாய்வகக் கருவியாயினும் அடிப்படை வினா ஒன்றே: கருவி பிழையாகக் காட்டுவதை எதைக் கொண்டு அறிவது?

கடிகாரத்திற்கு விண்மீன் விடை தந்தது. இடம் அறியப்பட்ட விண்மீன் ஒன்று உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தை முன்னரே கணக்கிடலாம். அக்கணத்தில் கடிகாரம் காட்டும் வேறுபாடே அதன் பிழை.

1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுனுக்கு அந்த வசதி இல்லை. அவர் அளந்தது புவிக்காந்தப் புலத்தின் நுண்ணிய மாற்றங்களை. இரட்டை இழைகளில் தொங்கும் காந்தம் வெப்பம் ஏறினால் வலுக் குறையும். பதிவில் தெரியும் மாற்றம் புவியினுடையதா, காந்தத்தினுடையதா? காந்தத்தைத் தனியே சூடாக்கியும் குளிர்வித்தும் பார்க்கும் வழக்கமான சோதனையை அவர் நம்பவில்லை. அன்றாடப் பதிவுகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு வெப்பத் திருத்தத்தைக் கண்டறிய முயன்றார்.

இவ்விரு வழிகளும் இன்றைய வானொலித் தொலைநோக்கி அணிகளில் மீண்டும் சந்திக்கின்றன. கோவிந்த் சுவரூப் தலைமையில் உருவாகி 1970இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமுடையது. அதன் 1,056 இருமுனை ஆன்டெனாக்கள் 326.5 மெகாஹெர்ட்சில் பெறும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். கேபிளிலோ பெருக்கியிலோ சிறு மாற்றம் நேர்ந்தாலும் அலைகளின் கட்டம் பிசகும். சேர வேண்டிய குறிப்பலைகள் ஒன்றையொன்று குறைக்கும். வலிமை அறியப்பட்ட வானொலி மூலத்தை நோக்கி இப்பிழையை மதிப்பிடுவது முதல் வழி. அது கால்டிகாட் காலத்து விண்மீனின் இடத்தில் நிற்கிறது.

இரண்டாம் வழி அணியின் வடிவிலேயே உள்ளது. ஆன்டெனாத் தொகுதிகள் சம இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒரே தொலைவிலுள்ள இணைகள் அனைத்தும் ஒரே குறிப்பலையைத் தரவேண்டும். தராவிடில் வேறுபாடு கருவியினுடையது. வானத்தின் படத்தை முன்கூட்டி அறியாமலே இவ்வாறு திருத்தலாம். ஊட்டி அணிக்கு ஏற்ற இத்தகைய முறையை விஸ்வேஷ்வர் ராம் மார்த்தியும் ஜெயராம் செங்கலூரும் 2014இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஹைட்ரஜனின் மங்கிய குறிப்பலையைத் தேடும் திட்டத்திற்கு அது இன்றியமையாதது.

பிரவுனின் குறிப்பேட்டிலிருந்து ஊட்டிக்கு நேர்வழி மரபு எதுவும் இல்லை. தொடர்வது தர்க்கம் மட்டுமே. திருத்தப்படாத கருவியின் பிழை ஒரு நாள் கண்டுபிடிப்பாக அச்சேறிவிடக்கூடும் என்னும் அச்சம் இரு தரப்புக்கும் பொதுவானது. அறிவியல் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. அவற்றுக்கு முன் நிகழ்ந்த பிழை தேடலும் அதில் இடம்பெற வேண்டும்.