ஊருக்குச் சொல்லாததை வாத்துக்குச் சொல்வது

அரியாலையில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வருத்தம் என்றால், பிள்ளையை ஏற்றின ஓட்டோ மாம்பழம் சந்தியைத் தாண்ட முதல் செய்தி தாண்டிவிடும். இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. ஒருவர் சோறு கொண்டு வருவார், இன்னொருவர் மற்றப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். ஆனால் வந்த வருத்தம் புற்றுநோய் என்றால் அதே வீடு வாயை மூடிக்கொள்ளும். "காய்ச்சல்தான், விடுகுதில்லை" என்பார்கள். அக்காவுக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேண்டும் என்ற யோசனை ஒன்று. என்ன பாவம் செய்தீர்களோ என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. ஆறுதல் சொல்ல வாற சனம் கேள்வியையும் கையோடு கொண்டுவரும்.

நோயுற்ற பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லும் ரோபோக்கள் பற்றி முதலில் வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வரலாற்றைப் பின்னுக்குத் தேடிப் போகத்தான் சிரிப்பு நின்றது.

1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற கணினி நிரலை வெளியிட்டார். உடம்பே இல்லாத ஒன்று. நாங்கள் தட்டச்சு செய்வதையே கேள்வியாக்கித் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளர், அதோடு கதைக்கத் தொடங்கிக் கொஞ்சத்திலேயே அவரை அறைக்கு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் திடுக்கிட்டுப் போனார். மனிதர் செய்ய வேண்டிய சில வேலைகளை இயந்திரத்திடம் கொடுக்கவே கூடாது என்று 1976இல் ஒரு புத்தகமும் எழுதினார். நாங்கள் அந்தச் செயலாளரின் பக்கம். இயந்திரத்துக்கு மனம் இருக்கு என்று அவர் ஏமாந்தார் என எங்களுக்குத் தோன்றவில்லை. அது வெளியில போய்ச் சொல்லாது. அந்த ஒன்றே போதுமாக இருந்திருக்கலாம்.

பிறகு ஜப்பானின் பாரோ என்ற சீல் குட்டி வந்தது, பெரும்பாலும் முதியவர்களுக்காக. பிள்ளைகளிடம் வந்ததில் முக்கியமானது 'ஹக்கபிள்' என்ற கரடி. பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் 3 முதல் 10 வயது வரையான 54 பிள்ளைகளோடு நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. சாதாரண பொம்மைக் கரடி கிடைத்த பிள்ளைகளைவிட ரோபோக் கரடி கிடைத்தவர்கள் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்களாம். ஆனால் அந்தக் கரடி தானாகப் பேசவில்லை. மறைவில் இருந்து ஒரு மனிதர்தான் அதை இயக்கினார்! பிள்ளையோடு கதைப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் அங்கே இருந்தார் என்பதுதான் எங்களுக்குப் பெரிய செய்தி.

2018இல் அஃப்லாக் என்ற காப்புறுதி நிறுவனமும் ஸ்ப்ரவுட்டலும் சேர்ந்து, புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்காக ஒரு வாத்தைக் காட்சிக்கு வைத்தன. முகபாவம் வரைந்த சின்ன வட்டத் தகடுகள் அதோடு வரும். பிள்ளை ஒன்றை எடுத்து வாத்தின் நெஞ்சில் வைத்தால், வாத்து அந்த உணர்ச்சிக்கேற்ற சத்தம் போடும், அசையும். அம்மாவிடம் "பயமா இருக்கு" என்று சொன்னால் அம்மா அழுவா என்று பிள்ளைக்குத் தெரியும். வாத்திடம் சொல்லலாம். பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்கும் விளங்கும்.

அம்மா தன்ர தகட்டை எங்கே வைப்பா?

எங்கட வாட்டுகளில் பிள்ளை தனியக் கிடப்பதில்லை. கட்டிலோடு கதிரையிலோ, கீழே பாயிலோ தாய் இருப்பா. அவவோடு கதைக்க ஆள் இல்லை. 2011இல் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகத் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து காசு சேர்த்தார்கள். கட்டடம் எழும்பியது, நல்ல விஷயம். என்றாலும் பிள்ளைகளோடு மகரகமவுக்குப் போகிற குடும்பங்கள் இன்னும் இருக்கு. அங்கே போனால் கூடுதலாகச் சிங்களம். ஊரில் வாய் திறக்கப் பயம், அங்கே திறந்தாலும் பாஷை இல்லை.

கொழும்பு பஸ் கண்டி வீதியால் அரியாலையைத் தாண்டும்போது இரவாகிவிடும். மடியில் பிள்ளையோடு இருக்கிற தாயிடம் பக்கத்து சீற்றில் இருக்கிறவர் எங்கே போறியள் என்று கேட்பார்.

"சும்மா, ஒரு அலுவலாப் போறம்."