27 அடி 7½ அங்குலம்: முதலூர்க்காரர் தாண்டிய தூரம்

விளையாட்டு என்றாலே கிரிக்கெட் என்று ஆகிப்போன நாடு நம்முடையது. 1983ல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய மைதானம் எது என்று கேட்டால், நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லி எடுத்து வைப்பவர்கூட லார்ட்ஸ் என்று சொல்லிவிடுவார். ஆனால் நீளம் தாண்டுதலில் இந்தியாவின் தேசிய சாதனையை 2023ல் படைத்தவர் நம்ம பக்கத்து முதலூர்க்காரர் என்று சொல்லிப் பாருங்கள். "முதலூரா? மஸ்கோத் அல்வா ஊருல்லா அது!" என்றுதான் பதில் வரும். தேங்காய்ப் பாலில் கிண்டும் அந்த அல்வாவுக்கு நான் எதிரி அல்ல. இருந்தாலும் அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருக்கிறது என்பதை நமது முன்னாள் மாணவர்களும், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலூர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். 1799ல் இந்தப் பகுதியின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவானதால் "முதல் ஊர்" என்று பெயர் பெற்றது. இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 அக்டோபரில் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். ஆகவே "நம்ம ஊர்க்காரர்" என்று உரிமை கொண்டாட நமக்கு முழுப் பாத்தியதை உண்டு. தூத்துக்குடி அண்ணாச்சிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவர் பெயர் ஜெஸ்வின் ஆல்ட்ரின். 2001 டிசம்பரில் பிறந்தவர். 2023 மார்ச் 2ஆம் தேதி, கர்நாடக மாநிலம் பெல்லாரி மாவட்டம் விஜயநகரில் நடந்த தேசியத் தாண்டுதல் போட்டியில் 8.42 மீட்டர் தாண்டினார். பழைய கணக்கில் 27 அடி 7½ அங்குலம். ஐந்து அம்பாசிடர் கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினால் எவ்வளவு அகலம் வருமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் காற்றில் போனார் மனுஷன்!

இந்த 8.42 என்ற எண் எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1931ல் உலக சாதனை ஆசியாவில்தான் இருந்தது. ஜப்பானின் சுஹெய் நம்பு 7.98 மீட்டர் தாண்டியிருந்தார். அதை முறியடித்தவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். 1935 மே 25ஆம் தேதி, அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் ஒரு பல்கலைக்கழகப் போட்டி. மாடிப்படியில் விழுந்து முதுகுவலியோடு வந்தவர், முக்கால் மணி நேரத்துக்குள் வரிசையாக உலக சாதனைகளைச் சமன் செய்தும் உடைத்தும் தள்ளினார். நீளம் தாண்டுதலில் அன்று அவர் தாண்டியது ஒரே ஒரு தடவை: 8.13 மீட்டர். அந்த ஒரு தாண்டல் 25 வருடம் நின்றது. 1960ல்தான் ரால்ஃப் பாஸ்டன் அதைக் கடந்தார்.

அடுத்தது 1968 அக்டோபர் 18, மெக்சிகோ ஒலிம்பிக். அதுவரை உலக சாதனை 8.35. பாப் பீமன் தாண்டிய தூரத்தை அளக்கக் கொண்டுவந்து வைத்திருந்த ஒளியியல் கருவியின் தண்டவாளம் அவ்வளவு தூரம் எட்டவில்லை! கடைசியில் ஸ்டீல் டேப்பைக் கொண்டுவந்து அளந்தார்கள். 8.90 மீட்டர். ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர் கூடிவிட்டது. மீட்டர் கணக்கு பழக்கமில்லாத பீமனுக்கு, அடியில் மாற்றி 29 அடி 2½ அங்குலம் என்று சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது. அப்படியே தரையில் சரிந்துவிட்டார். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. காற்றின் வேகமும் விதி அனுமதிக்கும் உச்சவரம்பான வினாடிக்கு 2.0 மீட்டரில் சரியாக நின்றது. இதையெல்லாம் சொல்லி அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அதே குழியில், அதே உயரத்தில் மற்றவர்களும்தானே தாண்டினார்கள்?

1991 ஆகஸ்ட் 30ல் டோக்கியோவில் மைக் பவல் 8.95 தாண்டி பீமனைக் கடந்தார். அன்று தோற்றவர் கார்ல் லூயிஸ். பத்து ஆண்டுகளாக 65 போட்டிகளில் தோற்காமல் வந்தவர். அன்றைக்கும் அவர் 8.91 தாண்டினார், ஆனால் காற்று அதிகம் என்று அது சாதனைக் கணக்கில் சேராது. தன் வாழ்க்கையின் மிகச்சிறந்த நாளில் ஒருவர் இரண்டாமிடம் வந்த கதை அது. பவலின் சாதனை முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் நின்றது.

இனி நம் நாட்டுக் கதை. இந்தியத் தடகளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு பழையது. 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கிய எச்.சி. பக் என்ற அமெரிக்கர்தான் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியை நடத்திச் சென்றவர். நம் பள்ளிக்கூடங்களில் விசிலும் கையுமாக நம்மை வெயிலில் ஓடவிட்ட பி.டி. சார்களில் பலர் அந்தப் பள்ளியின் வாரிசுகள்தான்.

நீளம் தாண்டுதலில் பெரிய வெளிச்சம் வந்தது 1974ல், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. செங்கோட்டையில் ரயிலேறினால் போய்ச் சேரும் கொல்லம் மாவட்டத்தில் பிறந்த டி.சி. யோஹன்னான், டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 8.07 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அன்று அது ஆசிய சாதனை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். யோஹன்னானின் 8.07ஐ முறியடிக்க 30 வருடம் ஆயிற்று. 2004ல் அம்ரித்பால் சிங் 8.08 தாண்டினார். கூடியது ஒரே ஒரு சென்டிமீட்டர். அடுத்த சென்டிமீட்டருக்கு இன்னும் ஒன்பது வருடம்: 2013ல் நம் தமிழ்நாட்டின் குமரவேல் பிரேம்குமார் 8.09. ஆக, 39 வருடத்தில் 2 சென்டிமீட்டர்! அப்புறம் மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. 2016ல் அங்கித் சர்மா 8.19. 2018ல் கேரளத்தின் ஸ்ரீசங்கர் 8.20, 2021ல் அவரே 8.26, 2022ல் 8.36. பிறகு 2023ல் ஜெஸ்வின் 8.42. பத்து வருடத்தில் 33 சென்டிமீட்டர்.

(39 வருடம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி, நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தார். அந்த 55.42ஐ சரியாக 39 வருடம் கழித்து, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் சமன் செய்தார். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. இறுதிப் போட்டியில் வெண்கலமும் வாங்கினார்.)

இப்படி மடை திறந்ததற்குக் காரணம் என்ன? திறமை திடீரென்று 2013க்குப் பிறகு மண்ணில் முளைத்துவிடவில்லை. நல்ல சிந்தெட்டிக் ஓடுபாதை, சாப்பாடு, பிசியோ, புதுவகை ஸ்பைக்ஸ், வருடம் பூராவும் போட்டிகள், வெளிநாட்டுப் பயிற்சியாளர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன என்பதே என் கணிப்பு. ஜெஸ்வின் பயிற்சி பெற்றது விஜயநகரில் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம் நடத்தும் விளையாட்டு மையத்தில். பயிற்சியாளர் கியூபாவின் யோவாந்த்ரி பெத்தான்சோஸ், மும்முறைத் தாண்டுதலில் உலகப் போட்டி வெள்ளி வென்றவர். முதலூர்ப் பையன் தாண்டுவதற்கு பெல்லாரி போக வேண்டியிருந்தது. நம்மில் பாதிப் பேர் வேலைக்கு பெங்களூரு போன மாதிரிதான்.

இனி கொஞ்சம் நம்ம சப்ஜெக்ட். எறிபொருளை 45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்று முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்தோம். ஆனால் நீளம் தாண்டுகிறவர் கிளம்புவது சுமார் 20 டிகிரியில்தான். ஏன்? வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறவருக்குப் பலகையில் கால் பதியும் நேரம் ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்குதான். அதற்குள் உடம்பை 45 டிகிரிக்குத் திருப்ப வேண்டுமானால் ஓடி வந்த வேகம் அத்தனையும் செத்துப்போகும். ஆகவே வேகத்தை வைத்துக்கொண்டு கோணத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். கல்லூரி ஸ்போர்ட்ஸ் டேயில் நம்மாட்கள் பலகைக்கு முன்னால் பிரேக் போட்டு மேலே எம்புவார்களே, அது உதவாது.

பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். அளவு எடுப்பது கால் வைத்த இடத்திலிருந்து அல்ல, பலகையின் முன் விளிம்பிலிருந்து. 15 சென்டிமீட்டர் பின்னால் கால் வைத்தால் அந்த 15ம் போச்சு. ஒரு மில்லிமீட்டர் முன்னால் வைத்தால் முழுத் தாண்டலும் போச்சு. நாற்பது மீட்டர் தூரத்திலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து இந்த டாலரன்ஸில் காலை வைக்க வேண்டும். லேத்தில் கூட இது லேசான வேலை இல்லை.

அப்புறம் காற்று. காற்றுமானி வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் காட்டினால் தாண்டல் போட்டிக்குச் செல்லும், சாதனைக்குச் செல்லாது. இந்த விதியின் கடுமையை ஜெஸ்வினே அனுபவித்தார். 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் அவர் 8.37 தாண்டித் தங்கம் வாங்கினார். இரண்டாவது வந்த ஸ்ரீசங்கர் தாண்டியது 8.36. ஆனால் தேசிய சாதனை எழுதப்பட்டது ஸ்ரீசங்கர் பெயரில். ஜெஸ்வின் தாண்டியபோது காற்று 4.1! தங்கம் ஒருவருக்கு, சாதனை ஒருவருக்கு. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஒன்று தெரியும்: ஆடி மாதம் பாளையங்கோட்டையில் காற்றுமானி வைத்தால் ஒரு தாண்டல்கூடத் தேறாது.

இதற்கு அடுத்த வருடம்தான் எந்தக் காற்றுத் தகராறும் இல்லாமல் 8.42.

இங்கேதான் நம் நண்பர்கள் டீக்கடையில் கேட்கிற கேள்வி வருகிறது. "ரெக்கார்டு சரி, மெடல் எங்கடே?" நியாயமான கேள்விதான். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கிரீஸின் டென்டோக்ளூ தங்கம் வென்ற தூரம் 8.41. ஜெஸ்வினின் சாதனை அதைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம். 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் வெண்கலம் 8.27க்குக் கிடைத்தது. அங்கே ஜெஸ்வின் 8.00 தாண்டி, பன்னிரண்டாவது ஆளாக இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார். இறுதியில் 7.77, பதினோராவது இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் முதல் இரண்டும் ஃபவுல், மூன்றாவது 7.61. அதோடு வெளியே வந்துவிட்டார்.

இதை வைத்து, மார்ச் மாதம் பெல்லாரியில் தாண்டியது ஏதோ அதிர்ஷ்டம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டேப் பொய் சொல்லாது. ஒரு மனிதனின் உடம்பால் 8.42 போக முடியும் என்று அன்று நிரூபணம் ஆகிவிட்டது. போட்டி நாளில் மூன்று வாய்ப்புக்குள் அந்த 20 சென்டிமீட்டர் பலகையைப் பிடிப்பது வேறு திறமை. பவலையும் லூயிஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் பதக்கம் என்பது அந்த ஒரு மாலைப் பொழுதின் விஷயம். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் ஸ்ரீசங்கரும் தங்கம் வென்ற பஹாமாஸ் வீரரும் தாண்டியது ஒரே 8.08தான். இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்த்துத் தங்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். பதக்கத்தை மட்டும் வைத்து ஆளை எடை போட்டால் யோஹன்னானுக்கும் உஷாவுக்கும் பிந்தி வந்தவர்கள் பாதிப்பேரை மறந்துவிட வேண்டியதுதான்.

மறப்பது என்றதும் நம் வீட்டு விஷயம் ஒன்று. நமது கல்லூரி உடற்கல்வி அறைச் சுவரில் ஒரு சாதனைப் பலகை உண்டு, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நீளம் தாண்டுதல் வரிசையில் சில அளவுகள் அடியிலும் சில மீட்டரிலும் இருக்கின்றன. இரண்டு பெயர்களுக்கு நேரே வருடம் அழிந்துவிட்டது. பழைய பதிவேட்டைக் கரையான் தின்றதாகச் சொல்கிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள்: ஸ்போர்ட்ஸ் டேயில் ஜெயித்த அண்ணன்மார், அக்காமார் தங்கள் சான்றிதழை, லாமினேஷன் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாலும் சரி, கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். பலகையைப் புதிதாக எழுதிவிடலாம்.

சிவில்காரர்களுக்குத் தனி வேலை இருக்கிறது. ஓடுபாதையின் சரிவு ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, பலகையிலிருந்து குழியின் கடைசி வரை குறைந்தது பத்து மீட்டர் வேண்டும் என்பது விதி. நம் மைதானத்தில் என்ன இருக்கிறது என்று ஆட்டோ லெவலும் டேப்பும் கொண்டுவந்து ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். குழிக்கு மணல் மாற்றிப் பல வருடம் ஆகிறது. அதற்குத் தாமிரபரணியைக் கை காட்ட வேண்டாம், மணல் அள்ளக்கூடாது என்று கோர்ட்டே சொன்ன ஆறு அது. குவாரி வைத்திருக்கிற நண்பர் யாராவது எம்-சாண்டு தருகிறேன் என்று கிளம்பவும் வேண்டாம், அது காலைக் கிழிக்கும். நல்ல மணலுக்கு வழி தெரிந்தவர்கள் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள்.