பந்தயப் பரியும் பழக்குவோர் கலையும்

இற்றைக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தே அமைந்திருந்த காயல் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்திறங்கின. ஹுர்முஸ், கீஷ், ஷிஹ்ர், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து மரக்கலங்கள் அவற்றைச் சுமந்து வந்தன. கீஷ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் பாண்டியனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 1,400 குதிரைகள் வந்தன. ஒவ்வொன்றின் விலையும் 220 செம்பொன் தீனார்கள். இதனைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்து வைத்துள்ளார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராக வீற்றிருந்ததும், காயல் அவர்தம் பொறுப்பில் இருந்ததும் நம் வாசகர்கள் அறிந்தவையே.

இவ்வணிகச் சிறப்பை நாம் பலகாலும் பெருமையோடு பேசி வருகிறோம். ஆனால் வந்திறங்கிய குதிரைகள் பின்னர் என்னவாயின என்று கேட்பார் அரியர். 1290-களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதற்கு விடை கூறுகிறார். அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார். அவருடைய சகோதரர் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். எனினும் ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் பொன் கொடுத்து வாங்கிய பரிகள் விரைவில் வலுவிழந்து பயனற்றுப் போயின என்பதை வஸ்ஸாஃபும் தம் வழியில் உறுதிப்படுத்துகிறார். அரபு நாட்டில் காற்றென விரைந்த குதிரை காயலுக்கு வந்ததும் ஏன் சோர்ந்து வீழ்ந்தது? இவ்வினாவுக்கு விடை காணக் குதிரை பழக்கும் கலையை நாம் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து தனிய்யத்துல் வதாஃ வரை ஓடின. அது ஐந்து அல்லது ஆறு மைல் தூரம். பயிற்சி பெறாதவை தனிய்யத்துல் வதாஃவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஓடின. அது ஒரு மைல் மட்டுமே. இதனை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்கள் தாமும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டவர். இருவகைக் குதிரைகளுக்கும் இரு வேறு தூரங்கள் வகுக்கப்பட்டதை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆயத்தமாகாத உயிரின்மீது அதன் ஆற்றலுக்கு மீறிய சுமையை ஏற்றலாகாது என்பதே குதிரை பழக்குவோன் கற்க வேண்டிய முதற்பாடம்.

அந்த ஆயத்தத்துக்கு அரபியர் இட்ட பெயர் தள்மீர். பயிற்சி நடைபெறும் களத்தையும் காலத்தையும் மிள்மார் என்றனர். அக்காலம் நாற்பது நாள் என அகராதி ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். முதலில் குதிரைக்கு நிறைய உணவளித்து உடலை வலுப்படுத்துவர். பின்னர் தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உயிர் தாங்கும் அளவில் நிறுத்துவர். உடல்மீது துணிகளைப் போர்த்தி வியர்க்கச் செய்வர். எடை குறைந்த சிறுவர்களை ஏற்றி, கடுமை காட்டாமல் மெல்ல ஓட்டுவர். தொளதொளத்த சதை கரைந்து, எஞ்சிய தசை இறுகும், மூச்சு நீளும்.

சொல்வதற்கு இது எளிது. செய்வதற்கோ கூரிய கண் வேண்டும். தீனியை ஒரு நாள் முந்திக் குறைத்தால் குதிரை மெலியும். பிந்திக் குறைத்தால் கொழுப்பு நிற்கும். இரண்டு குதிரைகளுக்கு ஒரே அளவு பொருந்தாது. ஆகவே காலைதோறும் தொட்டியில் மிஞ்சிய தீவனத்தைப் பார்ப்பதும், காலைத் தடவிச் சூடு உண்டா என்று அறிவதும், சாணத்தையும் வியர்வையையும் மூச்சின் போக்கையும் கவனிப்பதும் பழக்குவோனின் அன்றாடக் கடன்கள். இன்றைய பந்தயக் குதிரைப் பயிற்சியாளர்களும் காலையில் எழுந்தவுடன் செய்வது இவற்றையேதான். பல் பார்த்து வயதறிதலும் அவன் கற்க வேண்டியதே. பால்பற்கள் இரண்டிரண்டாக விழுந்து முளைக்கும் முறையைக் கொண்டு, ஐந்து வயது வரையுள்ள ஒவ்வொரு பருவத்துக்கும் அரபியர் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர்.

இக்கலை வாய்மொழியோடு நின்றுவிடவில்லை, நூலாகவும் மலர்ந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அப்பாஸியர் காலத்தில் வாழ்ந்த இப்னு அகீ ஹிஸாம், குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் இணைத்து நூல் யாத்தார். சேணமில்லாத வெறும் முதுகில் ஏறிப் பழகாதவனுக்கு உறுதியான இருக்கை வாய்க்காது என்பது அவர் கருத்து. மிஸ்ரை ஆண்ட மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதின் தலைமைக் குதிரை மருத்துவர் அபூபக்ர் எழுதிய நூலும் புகழ் வாய்ந்தது. குதிரை மருத்துவனை அரபியர் பைத்தார் என்பர். லாடம் அடிப்பதும் நோய் தீர்ப்பதும் அவன் பணிகள். ஓட்டம் கற்பிப்பவனும் பைத்தாரும் இல்லாத லாயம், மாலுமி இல்லாத மரக்கலம் போன்றதே.

இனிக் காயலுக்குத் திரும்புவோம். அங்கு வந்த குதிரைகள் நடத்தப்பட்ட முறையை வஸ்ஸாஃப் வருணிக்கிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் அளித்தனராம். காய்ச்சிய பசும்பாலைப் புகட்டினராம். கயிறும் முளையும் கொண்டு நாற்பது நாள் லாயத்திலேயே கட்டிக் கொழுக்கச் செய்து, பின்னர்ப் பயிற்சி ஏதுமின்றி ஏறி விரட்டினராம். இறைச்சி கலந்த சோற்றை ஊட்டியதாக மார்க்கோ போலோ எழுதுகிறார்.

மதீனாவிலும் நாற்பது நாள். மாபாரிலும் நாற்பது நாள். அங்கே அது கொழுப்பைக் கரைத்து மூச்சை வளர்த்த காலம். இங்கே அசைவின்றிக் கட்டிவைத்துக் கொழுப்பை ஏற்றிய காலம். ஊட்டியவர்கள் கொடியவர் அல்லர். நெய்யும் பாலும் தம் வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டும் உயர்ந்த உணவு என்பதால், விலைமிக்க விலங்குக்கும் அன்போடு அதனையே ஊட்டினர். ஆனால் குதிரையின் இரைப்பை சிறியது. புல்லைச் சிறிது சிறிதாக நாள் முழுதும் மேய்வதற்கென்றே அமைந்தது. மாவுப்பொருள் மிகுந்தால் வயிற்றுவலி கண்டு துடிக்கும். குளம்பின் உட்புறம் அழன்று நிற்கவும் இயலாமற் போகும். போதாக்குறைக்கு ஈரமும் வெப்பமும் நிறைந்த கடற்கரைக் காற்று வேறு. அறிவில்லாத அன்பு கொல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவ்வறிவு அதே மரக்கலத்தில் ஏன் வந்து சேரவில்லை? வணிகர்கள் பைத்தார்களைத் தாமும் கொண்டு வருவதில்லை, பிறர் கொண்டு வரவும் விடுவதில்லை. குதிரைகள் சாவதையே அவர்கள் விரும்பினர் என்று மார்க்கோ போலோ குற்றஞ்சாட்டுகிறார். அயல்நாட்டவர் ஒருவரின் கூற்றை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வஸ்ஸாஃப் தரும் உடன்படிக்கைச் செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வழியில் குதிரை இறந்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே தர வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இருந்தாலும் இறந்தாலும் பொன் வரும். இறந்தால் அடுத்த ஆண்டும் வாணிகம் நடக்கும். அத்தகைய ஏற்பாட்டில், கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் எவர்க்குத் தோன்றும்?

நரி பரியாகிப் பின் பரி நரியான திருவிளையாடற் கதை தமிழகம் அறிந்தது. கதையில் அது ஓரிரவில் நிகழ்ந்தது. பாண்டிய நாட்டு லாயங்களில் பரிகள் பயனற்றுப் போக நாற்பது நாள் தேவைப்பட்டது, அவ்வளவே வேறுபாடு.

குதிரை வீரரைக் குறிக்கும் இராவுத்தர் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் சமுதாயம் நம்முடையது. காயலின் செல்வத்தை நினைவுகூரும்போது அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் படிப்பது நம் கடமை. பொருளை விற்றவர்கள் அதனைப் பேணும் கல்வியையும் உடன் தந்திருந்தால், தமிழகத்தில் ஒரு குதிரைக் கலை மரபே வேரூன்றியிருக்கக்கூடும். விலை கொடுத்து வாங்கியது மறைந்தது. கற்றுக்கொண்டது மட்டுமே நிலைத்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு நாம் எதனை வாங்கித் தருகிறோம், எதனைக் கற்றுத் தருகிறோம் என்பதையும் இத்துடன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.