பொது அறிவும் அதன் பொருளும்

பலர்க்கும் பயன்படும் அறிவுக்குப் பொருள் தருவார் யாவர் என்னும் வினாவை ஊவாவின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் 1869 ஆம் ஆண்டிலே பதுளைப் பகுதியின் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதனை ஆராய்தற்கு அரசு நியமித்த மார்ஷல் வார்ட் 1880 இல் வந்தார். காற்றிற் பரவும் பூஞ்சணமே காரணமென நிறுவினார். ஆயினும் அவர் பணி ஈராண்டளவில் முடிந்தது. கோப்பி வீழ்ந்தது, தோட்டங்கட்குக் கடனீந்த ஓரியண்டல் வங்கி 1884 இல் முறிந்தது. அவ்வங்கியின் நாணயத்தாள்கள் பயனற்றுப் போகாவண்ணம் ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் பிணை நல்கினார். நாணயத்தின் மதிப்புத் தொழிலையும், தொழில் அறிவையும் சார்ந்து நிற்பது அன்று புலனாயிற்று.

கோப்பிக்குப் பின் தேயிலை ஓங்கியது. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டத்தால் அமைந்தது. ஏற்றுமதித் தேயிலைமீது விதித்த தீர்வை அதற்கு நிலையான வருவாயாயிற்று.

இக்காலத்துக் கிரிப்டோ நாணயங்களை எதிர்நோக்கிய வினாவும் இதுவே. அவற்றைத் தாங்குவது எவரும் விலையின்றிப் பெறத்தக்க திறமூல மென்பொருள். பிட்கொயின் மென்பொருள் 2009 இல் அங்ஙனமே வெளியாயிற்று. அதனைப் பேணியோர்க்கு ஊதியமளித்த அறநிறுவனம் பொருள் குன்றியபோது, 2015 இல் மசாச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகம் மூவரை ஏற்றது. 2016 இல் தோன்றிய சீகாஷ், தேயிலைத் தீர்வை போன்றே, முதல் நான்காண்டுகள் புதிதாய்ப் பிறக்கும் நாணயத்தில் ஐந்திலொரு பங்கை நிறுவினோர், முதலீட்டாளர், மென்பொருள் வளர்ப்போர் ஆகியோர்க்கு ஒதுக்கிற்று.

நன்கொடை வற்றும், தீர்வை நிலைக்கும். ஆயின், தேயிலைத் தீர்வைக்கு அடிப்படையான கொழுந்தைப் பறித்த தமிழ்த் தொழிலாளரை எவரும் கலந்திலர். பொருள் தருவோர் யாவர் என்பதோடு, பணியை முடிவுசெய்வோர் யாவர் என்பதும் வினாவாதல் வேண்டும்.